வீண்போகாத பிரயாசம்

(உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி, ஊழியத்தைத் தாங்கும் சபையாருக்காக நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஆற்றிய உரை)





நம் ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எத்தனை பேர் குணமானார்கள்?" என்பது. நியாயமான கேள்விதான். ஓய்வூதியத்திலிருந்து எடுத்து வைத்த பணமும், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசி சேர்த்து விற்ற பணமும், ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் சில்லறையும் இங்கே வருகின்றன. அவற்றுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. சுகம் பெற்று வீடு திரும்பியவர்களைப் பற்றி உங்களுக்கு எழுதுவது எங்களுக்கும் சந்தோஷம்.

ஆனால் சிலர் தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள். "ஐயா, குணமாகாமல் போனவர்களுக்குச் செலவழித்தது என்ன ஆயிற்று?" என்கிறார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்தும், பாலக்கோடு பக்கத்திலிருந்தும், அரூருக்கு அப்பால் சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்தும் நம்மிடம் வருகிறவர்களில் சிலர், கையிலிருந்த ஆட்டையும் மாட்டையும் விற்றுத் தீர்த்தபிறகு, நோய் முற்றிய நிலையில் வருகிறார்கள். அப்படி வருகிற ஒருவரை மூன்று வாரம் வைத்துப் பார்க்கிறோம். புண்ணைச் சுத்தம் செய்கிறோம். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறோம். வலிக்கு மருந்து கொடுக்கிறோம். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறோம். ஒரு நாள் விடியற்காலையில் அவர் போய்விடுகிறார். அந்த மூன்று வாரப் பணிவிடை எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் கேள்வியை இரவுப் பணி முடித்து வருகிற நம் இளம் செவிலியர்களும் கேட்பதுண்டு. இதற்கு உயிர்த்தெழுந்த திருநாள்தான் விடை சொல்ல வேண்டும். வேறு நாளுக்கு அந்தச் சக்தி இல்லை.

முதல் ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் போனவர்களைக் கவனியுங்கள். மகதலேனா மரியாளும் மற்றப் பெண்களும் சுகந்த வர்க்கங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்டவர் உயிரோடெழுந்திருப்பார் என்று எதிர்பார்த்து அவர்கள் போகவில்லை. இறந்துபோன ஒரு சரீரத்துக்குக் கடைசி மரியாதை செய்யப் போனார்கள். உலகத்தின் பார்வையில் அதைவிடப் பயனற்ற செலவு எது? கல்லை யார் புரட்டுவார் என்பதற்குக்கூட அவர்களிடம் விடை இருக்கவில்லை. வழியெல்லாம் அதைப் பேசிக்கொண்டேதான் நடந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்தப் பெண்களுக்குத்தான் உயிர்த்தெழுதலின் செய்தி முதலில் கிடைத்தது. பலன் தராது என்று தோன்றிய பணிவிடைக்குப் புறப்பட்டவர்களைத் தேவன் தம் வெற்றிக்கு முதல் சாட்சிகளாக்கினார்.

கி.பி. 55-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு முதலாம் நிருபத்தை எழுதினார். அதன் 15-ஆம் அதிகாரம் முழுவதும் உயிர்த்தெழுதலைப் பற்றியது. மரணத்தின் தோல்வியைப் பாடி முடித்தபின், அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பவுல் விசுவாசிகளை வேலைக்கு அனுப்புகிறார். ஆண்டவருக்காகப் படும் பாடு ஒருபோதும் வீணாகாது என்பதால் உறுதியாக நின்று உழைக்கச் சொல்லுகிறார். அடுத்து என்ன வருகிறது? 16-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. பவுல் எழுதியபோது அதிகாரப் பிரிவுகள் கிடையாது. இன்றைய பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. ஆகவே கொரிந்தியர் அதை வாசிக்கக் கேட்டபோது, திறந்த கல்லறையிலிருந்து காணிக்கைப் பெட்டிக்கு ஒரே மூச்சில் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காணிக்கையை எந்த நாளில் எடுத்து வைக்கச் சொன்னார்? வாரத்தின் முதல் நாளில், ஆண்டவர் எழுந்த அதே கிழமையில்.

இதை நம் பக்கத்து மலையில் வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலம் போய், ராசிபுரம் தாண்டினால் கொல்லிமலை தெரியும். அது இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913-இல் திருமணமாகி அந்த மலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி ஐயா மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயிற்சி பெற்றிருந்தார். அதைக்கொண்டு காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழு பரவாதபடி கிணறுகளைச் சீர்படுத்த ஊர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சுற்றிலுமுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் நற்செய்தியையும் மருத்துவத்தையும் கொண்டுபோக வேண்டும் என்பது அவ்விருவருடைய வாஞ்சை. ஆனால் பல ஆண்டுகள் ஒருவரும் அவர்களுடைய விசுவாசத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

1918-இல் உலகமெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அது கொல்லிமலைக்கும் வந்தது. பயத்தினால் சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடினார்கள். பிராண்ட் தம்பதியரோ பெரிய பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகப் போய், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரியும் நோயில் விழுந்தார். அவரையும் போய்ப் பார்த்தார்கள். அவர் பிழைக்கவில்லை. ஆனால் சாகுமுன் தம் பிள்ளைகளை வளர்க்கும்படி அந்த வெள்ளைக்காரத் தம்பதியரிடமே ஒப்படைத்தார். அதன்பின் மலை மக்களின் மனம் திறக்கத் தொடங்கியது. அவர்கள் ஊட்டிய கஞ்சி அந்தப் பூசாரியின் உயிரைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் அது வீணாகவில்லை.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி ஐயா மலேரியாவினால் வருகிற கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு ஐம்பது வயதும் ஆகவில்லை. ஐந்து மலைகள் என்ற வாஞ்சை பாதியில் நின்றது. மகன் பாலும் மகள் கோனியும் படிப்புக்காக இலண்டனில் இருந்தார்கள். மரணச் செய்தி தந்தியில் உடனே போய்விட்டது. ஆனால் அந்நாளில் கடிதங்கள் கப்பலில் போகும். ஆகவே தகப்பன் இறந்துவிட்டார் என்று தெரிந்தபிறகும், உயிரோடிருந்தபோது அவர் எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பதினான்கு வயதுப் பையன் நிலையை யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் நினைவு நம் நடுவில் வாழ்கிறது என்று அநேகர் ஆறுதல் சொல்லுவார்கள். நினைவு நல்லதுதான். ஆனால் ஒரு நாள் கடைசிக் கடிதமும் வந்துவிடும். அதற்குப்பின் தபால்காரர் வருவதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை நினைவின்மேல் கட்டப்பட்டதல்ல. கடிதம் எழுதியவரையே முகமுகமாய்க் காண்போம் என்பதுதான் அந்த நம்பிக்கை. நித்திய ஜீவன் என்பது உயிருள்ள ஆண்டவரோடும், அவருக்குள் நித்திரையடைந்தவர்களோடும் வாழும் வாழ்வு.

அந்த நம்பிக்கை எவலின் அம்மாவை என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். கணவரைப் புதைத்த நாட்டுக்கே அவர் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் பணிசெய்ய வைத்தது. எழுபது வயதை நெருங்கி ஓய்வு பெற்றபோது, ஊருக்குத் திரும்பாமல் மலைக்கு ஏறிவிட்டார். எலும்பு முறிந்தபின்னும், இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக் குதிரைமேல் ஏறியும் மலைத்தொடர்களெல்லாம் சுற்றினார். வயதான காலத்தில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் காலமானார். தம் உடல் மண்ணோடு மண்ணாகிப் புதிய உயிருக்கு உரமாக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தபடி, மலை மக்கள் அவரைச் சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம்பண்ணினார்கள்.

பவுல் அதே 15-ஆம் அதிகாரத்தில் சரீரத்தை விதைக்கு ஒப்பிடுகிறார். நம் மாவட்டத்து விவசாயிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ராகி விதைக்கிறவர் விதையைத் தொலைத்துவிட்டதாக அழுவதில்லை. மழை வருமா என்று கவலைப்படலாம். பயிர் முளைக்குமட்டும் வானத்தைப் பார்க்கலாம். ஆனாலும் விதையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கமாட்டார்.

தகப்பனின் கடைசிக் கடிதங்களை வாசித்த அந்தப் பையன் மருத்துவரானார். டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயினால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையினால் நிமிர்த்தி, மறுபடியும் வேலைக்கு உதவச் செய்தார். விரல்கள் சேதமாவதற்குப் பெரும் காரணம், உணர்ச்சி அற்றுப்போன கையில் தெரியாமல் படும் காயமே என்று உலகுக்கு எடுத்துக்காட்டினார். 2003-இல் அவர் காலமானார்.

காயப்பட்ட கைகளைப் பற்றிப் பேசும்போது, தோமாவுக்கு ஆண்டவர் காட்டிய கைகள் நினைவுக்கு வருகின்றன. உயிர்த்தெழுந்த சரீரத்திலும் ஆணிகளின் தழும்பு இருந்தது. பிதாவானவர் அவற்றை அழித்திருக்கக்கூடும், அழிக்கவில்லை. மேலும் அவர் ஆவியாய்த் தோன்றி மறைந்தவரல்லர். சீஷர்களுக்கு முன்பாக மீன் சாப்பிட்டார். கடற்கரையில் அவர்களுக்குக் காலை ஆகாரம் ஆயத்தம்பண்ணினார். தேவன் இந்தச் சரீரத்தைக் கந்தையைப்போல எறிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்குகிறது. தேவன் எழுப்பப்போகிற சரீரத்தை நாம் எப்படி அலட்சியமாய்த் தொட முடியும்? ஆகவே எங்கள் வார்டில் புண்ணைக் கழுவுவது ஜெபத்துக்குக் குறைந்த வேலையல்ல.

பிரியமானவர்களே, உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக்கூடாது என்று யாரும் எண்ண வேண்டாம். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்த ஆண்டவரே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் வசனத்தை எடுத்து வீசுகிறவன் போதகனல்லன். அவள் அழுது முடிக்கும்வரை நாங்கள் பக்கத்தில் உட்காருகிறோம். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்தார். நோயாளியின் பலவீனத்தைச் சாக்காக வைத்து எதையும் திணிப்பது கிறிஸ்துவின் வழியல்ல. "எப்படி ஐயா நீங்கள் இதைத் தினமும் பார்த்துக்கொண்டு சோராமல் இருக்கிறீர்கள்?" என்று அவர்களாகக் கேட்கும்போது, நமக்குள் இருக்கிற நம்பிக்கையைச் சாந்தமாய்ச் சொல்லுகிறோம். கேட்காவிட்டால் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் கொடுத்து வருகிறோம். அதுவும் சாட்சிதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறோம். குணமாகாதவர்களுக்குச் செலவழித்தது என்ன ஆயிற்று? ஆண்டவர் இன்னும் கல்லறையில் இருந்தால், அது வெறும் செலவு. குணமானவர்களுக்குச் செய்ததும் சில ஆண்டுத் தவணையே. அவர்களும் ஒரு நாள் இறப்பார்கள். ஆனால் ஆண்டவர் எழுந்திருக்கிறார். ஆகவே இறக்கும் மனிதரின் வறண்ட உதட்டில் வைத்த ஒரு கரண்டித் தண்ணீரும் அவர் கணக்கில் இருக்கிறது. எங்கள் ஆண்டறிக்கையில் அந்தக் கணக்கைக் காட்ட எங்களால் முடியாது. அதைக் காட்டப்போகிறவர் அவரே.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி மருந்தாகிறது, ஒரு பகுதி கஞ்சியாகிறது, ஒரு பகுதி வெள்ளைத் துணியாகிறது. யாருமற்றவராய் வந்தவரையும் நல்ல துணி சுற்றி மரியாதையோடு அனுப்ப அது உதவுகிறது. சுகந்த வர்க்கத்தோடு போன அந்தப் பெண்களின் வரிசையில் நீங்களும் நடக்கிறீர்கள். கல்லை யார் புரட்டுவார் என்ற கவலை நம்முடையதல்ல.

மரித்தோரிலிருந்து எழுந்த மகா மேய்ப்பர் உங்கள் வீடுகளிலும் சபைகளிலும் தங்கியிருப்பாராக. இவ்வாண்டு அன்பானவர்களை மண்ணில் விதைத்துவிட்டு வந்திருக்கிற குடும்பங்களைத் தம் சமாதானத்தால் நிரப்புவாராக. உங்கள் பிரயாசங்களையும் எங்கள் பிரயாசங்களையும் அவர் ஏற்றுக்கொள்வாராக.

ஆமென்.