ஒட்டுக்கேட்டவர் யார், கூண்டில் நின்றவர் யார்?



2003 ஜனவரி 31. ஈராக் மீது படையெடுக்க ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஒப்புதலைப் பெற அமெரிக்காவும் பிரிட்டனும் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி ஆகிய நாடுகள் யார் பக்கம் கை தூக்கும் என்பது தெரியவில்லை. அன்று அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த நாடுகளின் பிரதிநிதிகள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள், எப்படி வாக்களிக்கப் போகிறார்கள் என்று அறிய உதவி வேண்டும் என்றது அந்தக் கடிதம்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் கேத்தரின் கன். அங்கே சீன மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர், வயது 28. கடிதத்தை அச்செடுத்து வெளியே கொண்டுவந்தார். மார்ச் 2ஆம் தேதி ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழ் அதை வெளியிட்டது. போர் நிற்கவில்லை. ஆனால் படையெடுப்புக்கு ஒப்புதல் கேட்ட அந்தத் தீர்மானம் கடைசிவரை வாக்கெடுப்புக்கே வரவில்லை.

இப்படி ஒட்டுக்கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா? தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் 27ஆவது பிரிவைப் பாருங்கள். தூதரகத்தின் அலுவல் கடிதப் போக்குவரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறது. தூதர் தன் அரசோடு தடையின்றித் தொடர்புகொள்ள இடம் தருவதோடு, அந்தத் தொடர்பைப் பாதுகாப்பதும் அவரை ஏற்றுக்கொண்ட நாட்டின் கடமை. ஐ.நா.வுக்கு வரும் பிரதிநிதிகளுக்கும் இதே சலுகைகளை 1947ஆம் ஆண்டின் தலைமையக ஒப்பந்தத்தில் அமெரிக்கா ஒப்புக்கொண்டிருக்கிறது.

உளவு பார்ப்பதைப் பொதுவாகத் தடைசெய்யும் உடன்படிக்கை எதுவும் இல்லையே, எல்லா நாடும் செய்வதுதானே என்று வாதிடுவோர் உண்டு. முதல் பாதி உண்மைதான். ஆனால் தூதரின் கடிதத்துக்கு என்று தனியாக ஒரு வேலி போட்டு, அதில் கையெழுத்தும் போட்ட பிறகு அந்த வாதம் நிற்காது. அந்நிய அரசுகளைக் கண்காணிக்க அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டிலேயே உள்நாட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் போட்ட சட்டத்தைக் காட்டி வெளியே கொடுத்த வாக்கை மீற முடியாது என்பது உடன்படிக்கைச் சட்டத்தின் அடிப்படை விதி.

சின்ன நாடுகளுக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை. கிழக்குத் திமோரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் விடுதலை பெற்ற ஏழை நாடு. கடலடி எண்ணெயையும் எரிவாயுவையும் பங்கிட ஆஸ்திரேலியாவோடு பேசிக்கொண்டிருந்தது. 2004இல், உதவித் திட்டம் என்ற பெயரில் திலி நகருக்கு வந்த ஆஸ்திரேலிய உளவாளிகள் தன் அமைச்சரவை அறைச் சுவரில் ஒட்டுக்கேட்புக் கருவிகளைப் பொருத்தினார்கள் என்பது திமோரின் குற்றச்சாட்டு. எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்று அமைச்சர்கள் தங்களுக்குள் பேசும் அறை அது. அந்த எல்லை எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டால் மேசையில் பேச என்ன மிச்சமிருக்கும்?

2013 டிசம்பரில் திமோரின் வழக்கறிஞர் கான்பெராவில் வைத்திருந்த அலுவலகத்தை ஆஸ்திரேலிய அதிகாரிகள் சோதனையிட்டு ஆவணங்களை அள்ளிச் சென்றார்கள். திமோர் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. திமோருக்கும் அதன் சட்ட ஆலோசகர்களுக்கும் இடையிலான தொடர்பில் எந்த வகையிலும் தலையிடக் கூடாது என்று 2014 மார்ச் 3ஆம் தேதி நீதிமன்றம் ஆஸ்திரேலியாவுக்கு உத்தரவிட்டது. இரண்டு நாடுகளும் 2018இல் புதிய கடல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன.

நீதிமன்றக் கூண்டில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். கேத்தரின் கன் மீது அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. திமோர் விவகாரத்தில், ஒட்டுக்கேட்பை வெளிப்படுத்திய, ‘சாட்சி கே’ என்று மட்டுமே அறியப்படும் முன்னாள் ஆஸ்திரேலிய உளவு அதிகாரிக்கு 2021இல் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். அவருடைய வழக்கறிஞர் மீதான வழக்கு 2022இல்தான் கைவிடப்பட்டது. ஒட்டுக்கேட்கச் சொன்ன அதிகாரி ஒருவர்மீதும் இந்த இரண்டு விவகாரங்களிலும் வழக்கு இல்லை. உடன்படிக்கையை மீறச் சொல்வது குற்றம் என்று அந்தந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதும்வரை, சிறைக் கதவு உண்மையைச் சொன்னவருக்கு மட்டுமே திறந்திருக்கும்.