மெஷின் வாங்கும் முன் மூன்று கேள்விகள்



இரும்போடு இரும்பைச் சேர்ப்பது வெல்டிங். வீட்டுக் கேட், சன்னல் கிரில், இரும்புக் கட்டில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் வெல்டிங்கில்தான் உருவாகின்றன. ஒரு காலத்தில் வெல்டிங் மெஷின் பட்டறையில் மட்டுமே இருந்தது. அதை நகர்த்த நாலு பேர் வேண்டும். இன்று ஒரே ஆள் தூக்கும் சிறிய மெஷின்கள் கடைக்கு வந்துவிட்டன. ஆகவே, வீட்டு வேலைக்குச் சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன என்று பலரும் நினைக்கிறார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் தவறான மெஷினை வாங்கினால் என்ன ஆகும்? சேர்த்த பணம் வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

தகடு சொன்ன உண்மை

பஞ்சாபில் லூதியானா என்று ஒரு நகரம். சைக்கிளுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் வெல்டர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பத்து வருடமாக மிக் வெல்டிங் செய்பவர். கை தேர்ந்தவர்.

அவர் வீட்டுக்கு ஒரு கேட் வேண்டும். மாடிப் படிக்குக் கைப்பிடி வேண்டும். மகளுக்கு ஒரு கட்டில் வேண்டும். "வெளியே கொடுத்தால் கூலி அதிகம். மெஷின் இருந்தால் நானே செய்துவிடுவேன்" என்கிறார் அவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது.

கணவனும் மனைவியும் பழைய மெஷின் விற்கும் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. தொழிற்சாலையில் அவர் கை பழகிய அதே வகை. 400 ஆம்பியர். விலையும் மலிவு. அவர் முகம் மலர்கிறது. முன்பணம் கொடுக்கப் பையில் கையை விடுகிறார்.

மனைவி மெஷினின் பின்பக்கம் போகிறார். அவர் அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். மெஷினில் ஒரு தகடு இருக்கிறது. அதில் உள்ள எண்களை விரல் வைத்துப் படிக்கிறார்.

"இதில் 415 என்று போட்டிருக்கிறதே! நம் வீட்டு மீட்டரில் 240 என்றுதானே இருக்கிறது?" என்று கேட்கிறார்.

கணவர் கையை வெளியே எடுக்கிறார். 415 வோல்ட் என்றால் மூன்று பேஸ் மின்சாரம். தொழிற்சாலையில் அது உண்டு. அவர்கள் வீட்டில் இருப்பது ஒரு பேஸ். அந்த மெஷின் அந்த வீட்டில் ஓடவே ஓடாது. மனைவி கேட்ட ஒரு கேள்வி குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றியது.

மிக் என்றால் என்ன?

சாதாரண வெல்டிங்கில் கையில் ஒரு ராடு இருக்கும். அது உருகித் தீர்ந்ததும் வேறு ராடு மாட்ட வேண்டும். மிக் வெல்டிங்கில் ராடு இல்லை. மெஷினுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். விசையை அழுத்தினால் கம்பி தானே வெளியே வரும். மின்சாரத்தின் சூட்டில் கம்பி உருகி இரும்போடு சேரும்.

உருகிய இரும்பில் காற்று பட்டால் கெடுதி. வெல்டிங்கில் சிறு சிறு ஓட்டைகள் விழும். பலம் போய்விடும். காற்று படாமல் காப்பதற்குத்தான் கேஸ். வேகும் சோற்றை மூடி காப்பது போல, அது உருகிய இரும்பை மூடிக் காக்கிறது.

இந்த கேஸ் எரிவதற்கு அல்ல. சமையல் கேஸும் ஆக்சிஜனும் அசிட்டிலினும் இதற்கு உதவா. அவற்றை இந்த மெஷினில் மாட்டவே கூடாது.

இனி மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: என்ன வேலை?

செய்யப் போகும் பொருளின் கனத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக்குச் சுமார் 40 ஆம்பியர் வேண்டும். இது தோராயமான கணக்கு. கேட்டுக்கு வாங்கும் குழாய் 2 மில்லிமீட்டர் கனம் என்றால் 80 ஆம்பியர் போதும். 3 மில்லிமீட்டர் ஆங்கிளுக்கு 120 ஆம்பியர். இதற்கு 400 ஆம்பியர் மெஷின் எதற்கு?

வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்றும் பாருங்கள். கனமான ஆங்கிளில் எப்போதாவது ஒரு வேலை என்றால் சிறிய ராடு மெஷினே போதும். அதன் விலையும் குறைவு. அதற்கு கேஸ் வேண்டாம். மெல்லிய குழாய், மெல்லிய தகடு என்றால் மிக் நல்லது. ராடு மெல்லிய தகட்டை எளிதில் ஓட்டை போட்டுவிடும். மிக் மெஷினில் 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்டால் வீட்டு வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: வீட்டு மின்சாரம் தாங்குமா?

மெஷின் தகட்டில் இரண்டு வகை ஆம்பியர் இருக்கும். ஒன்று வெல்டிங்குக்குக் கொடுக்கும் ஆம்பியர். மற்றொன்று வீட்டு லைனிலிருந்து இழுக்கும் ஆம்பியர். கடைக்காரர் முதலாவதைத்தான் பெருமையாகச் சொல்வார். இரண்டாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வெல்டிங்குக்கு 100 ஆம்பியர் வைத்தால், மெஷின் வீட்டு லைனிலிருந்து ஏறக்குறைய 15 ஆம்பியர் வரை இழுக்கும். 200 ஆம்பியர் வைத்தால் 30 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். வீட்டில் உள்ள பெரிய மூன்று முள் பிளக் 16 ஆம்பியர்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் ஒயர் சூடாகும். பிளக் உருகும். தீயும் பிடிக்கலாம். ஆகவே மெஷின் 200 ஆம்பியர் கொடுக்கும் என்றாலும், அந்த பிளக்கில் 100 ஆம்பியருக்குள் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

தகட்டில் 60% என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். அதன் பொருள் இதுதான்: அங்கே காட்டிய ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங் செய்யலாம். 4 நிமிடம் மெஷினை ஆறவிட வேண்டும். 30% என்றால் 3 நிமிடம் வேலை, 7 நிமிடம் ஓய்வு. ஓய்வு கொடுக்காத மெஷின் சீக்கிரம் கெடும்.

வாங்கும் முன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் வெல்டிங் வேண்டாம். வீட்டு இணைப்புக்கு எவ்வளவு கிலோவாட் அனுமதி என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். கூலிக்கு வேலை செய்யப் போகிறீர்களா? அப்படியானால் வீட்டு இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது தவறு. அபராதம் வரும்.

மூன்றாம் கேள்வி: கேஸ் எங்கே கிடைக்கும்?

மெஷின் ஒரு முறை வாங்குவது. கேஸ் திரும்பத் திரும்ப வாங்குவது. பலர் மெஷின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு சிலிண்டருக்கு அலைகிறார்கள்.

வீட்டு வேலைக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி கார்பன் டை ஆக்சைடு. இதில் செலவு குறைவு. சாதாரண இரும்புக்கு நல்லது. பொறி கொஞ்சம் அதிகம் தெறிக்கும்.

இரண்டாவது வழி கலவை கேஸ். 100 பங்கில் 80 பங்கு ஆர்கான், 20 பங்கு கார்பன் டை ஆக்சைடு என்ற கலவை பரவலாகக் கிடைக்கிறது. பொறி குறையும். மெல்லிய தகட்டில் வேலை அழகாக வரும். ஆனால் விலை கூடுதல். தனி ஆர்கான் அலுமினியத்துக்கு உரியது. சாதாரண இரும்புக்கு அது சரிவராது.

மூன்றாவது வழியில் கேஸே வேண்டாம். கம்பிக்குள்ளேயே மருந்து வைத்த ஒரு வகைக் கம்பி உண்டு. அந்த மருந்து எரிந்து புகையாகி உருகிய இரும்பை மூடும். திறந்த வெளியில் காற்று அடித்தால் சிலிண்டர் கேஸ் பறந்துவிடும். அங்கே இந்தக் கம்பி கை கொடுக்கும். ஆனால் கம்பியின் விலை அதிகம். புகையும் அதிகம். வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும். இந்தக் கம்பிக்குப் பெரும்பாலும் மெஷினில் பிளஸ், மைனஸ் இணைப்பை மாற்றிப் போட வேண்டும். அப்படி மாற்ற வசதி உள்ள மெஷினா என்று கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டர் கணக்கு

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். 1 கிலோ திரவம் சுமார் 500 லிட்டர் கேஸ் தரும். வெல்டிங்குக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும். 10 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ சிலிண்டரில் 2,500 லிட்டர் இருக்கும். அது 250 நிமிடம் வரும். அதாவது நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விசையை அழுத்தும் நேரம் மட்டுமே இதில் சேரும். ஆகவே அது பல நாள் வேலைக்குப் போதும்.

ஆனால் குழாயில் ஒரு சிறு கசிவு இருந்தால்? நிமிடத்துக்கு 2 லிட்டர் கசிந்தால் ஒரே நாளில் 2,880 லிட்டர் போய்விடும். சிலிண்டர் முழுதும் காலி! வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

இந்தச் சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மீதி இருக்கிறது என்று மீட்டர் முள் காட்டாது. திரவம் தீரும் வரை முள் அப்படியே நிற்கும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலி எடை 9 கிலோ, இப்போது 14 கிலோ என்றால் உள்ளே இருப்பது 5 கிலோ. வாங்கும் இடத்திலேயே எடை போடச் சொல்லுங்கள். ஆர்கானும் கலவை கேஸும் வேறு மாதிரி. அவை குறையக் குறைய முள் இறங்கும்.

சிலிண்டரில் கடைசியாகச் சோதித்த தேதியும் பொறித்திருக்கும். அதையும் படியுங்கள். சிலிண்டர்களை நிரப்புவதற்கும் சோதிப்பதற்கும் 2016-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு இதைக் கவனிக்கிறது. உரிமம் உள்ள இடத்தில் மட்டுமே வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பெயரைப் படியுங்கள். ஒவ்வொரு வகை கேஸுக்கும் அதற்கு உரிய ரெகுலேட்டர் வேண்டும்.

விற்பவரிடம் நான்கு செய்திகள் கேளுங்கள். முன்பணம் எவ்வளவு? திரும்பக் கிடைக்குமா? மாத வாடகை எவ்வளவு? நிரப்ப எவ்வளவு? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

உயிர் முக்கியம்

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய அறையில் மூச்சு முட்டி உயிரே போகலாம். சிலிண்டரைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். வெயில் ஏறினால் உள்ளே அழுத்தமும் ஏறும்.

வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. உரிய கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் நிற்க வேண்டாம். கண் வலித்தால் கை வைத்தியம் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு எரிந்த புகை காய்ச்சல் தரும். இணைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள். பெட்ரோல், எண்ணெய் இருந்த டிரம், டேங்க் எதையும் வெல்டிங் செய்யாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே உள்ள ஆவி வெடிக்கும்.

அவர்கள் என்ன வாங்கினார்கள்?

லூதியானா கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். தாளில் மூன்று கேள்விகளையும் எழுதினார்கள். கேட்டும் கைப்பிடியும் முற்றத்தில் செய்பவை. அங்கே காற்று வீசும். அதற்கு கேஸ் வேண்டாத கம்பி. கட்டில் மெல்லிய குழாய். அதற்கு கேஸ். ஆனால் சிலிண்டரைச் சும்மா வைத்திருந்தாலும் வாடகை ஓடும். ஆகவே கட்டில் செய்யும் மாதம் மட்டும் சிலிண்டர் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டு வகைக் கம்பிக்கும் பொருந்தும் ஒரு பேஸ் மெஷினைத் தேடினார்கள். புதிய மெஷின் வாங்கினார்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் வாங்கினார்கள். கடையில் மெஷினின் தகட்டை முதலில் படித்தவர் கணவர். இரண்டாம் முறை சரிபார்த்தவர் மனைவி.

நண்பர்களே, முதலில் வேலை. அடுத்து மின்சாரம். பிறகு கேஸ். கடைசியில்தான் மெஷின். இந்த வரிசை மாறினால் பணம் போகும். சில நேரம் உயிரும் போகும். கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் தகட்டைப் படியுங்கள்.