சேமநிதியும் மணவிலக்கும்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



கேமரன் மலையில் பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டினால் கியா பார்ம். சாலையோரம் காய்கறிக் கடைகள், அதற்கு அப்பால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். அங்குள்ள ஒரு தம்பதி மணவிலக்குக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மனைவி காய்கறிக் கடையில் நாள்கூலிக்கு நின்றுகொண்டே பிள்ளைகளை வளர்த்தவர். குடியிருக்கும் வீடு நிர்வாகத்தினுடையது. மிச்சம் ஒரு மோட்டார் சைக்கிளும் கொஞ்சம் நகையும்தான். "பங்கு போட என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இருக்கிறது. கணவரின் ஊழியர் சேமநிதி இருக்கிறதே! 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் மலேசியத் தொழிலாளிக்கு மாதந்தோறும் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளி 13 விழுக்காடு சேர்த்துக் கட்டுகிறார். அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் எப்படியோ, தோட்டத்துக்காரருக்குச் சேமநிதி அப்படி.

சட்டம் சொல்வது

முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் 76-ஆவது பிரிவு சொத்துப் பங்கீட்டைப் பற்றியது. முன்பு ஒருவர் தனி உழைப்பில் தேடிய சொத்தில் அவருக்கே பெரும்பங்கு. 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்த திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் குடும்பத்தைப் பேணியதையும் எடைபோட்டு, சமபங்கை நோக்கி நீதிமன்றம் சாய வேண்டும் என்கிறது. அடுப்படி உழைப்பும் உழைப்புதான்.

ஆனால் ஒரு தடை உண்டு. நிதிக்குள் இருக்கும் பணத்தைப் பிறர் கைப்பற்ற முடியாதபடி 1991-ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு காக்கிறது. ஆகவே மனைவி கேட்க வேண்டியது, "அந்தத் தொகையைக் கணக்கில் எடுத்து, வேறு வழியில் ஈடு செய்யுங்கள்" என்பதே.

கணக்குப் போடும் முறை

திருமணத்தன்று சேமிப்பு 5,000 வெள்ளி, இன்று 65,000 வெள்ளி. மணவாழ்வில் சேர்ந்தது ஏறக்குறைய 60,000 வெள்ளி. சமபங்கு என்றால் 30,000 வெள்ளி. கணவருக்கு வயது 48. முழுப் பணம் கைக்கு வர 55 வயதாக வேண்டும்.

"55 வயதில் 30,000 வெள்ளி தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு உறுதி. ஏழு ஆண்டில் அந்த 30,000 வெள்ளி சுமார் 35,660 வெள்ளி ஆகிவிடும். மனைவியின் கைக்கு மட்டும் அதே 30,000 வெள்ளி, அதுவும் விலைவாசி ஏறிய பிறகு. ஆகவே ஒப்பந்தத்தில் "லாப ஈவுடன்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அல்லது வேறு சொத்து இருந்தால் ஈட்டை இன்றே வாங்கிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து மனு போடும்போது இந்த நிபந்தனைகளை அவர்களே பேசி எழுதலாம். கையெழுத்துக்கு முன் திருமண ஆண்டின் சேமநிதி அறிக்கையையும் இன்றைய அறிக்கையையும் கேட்க வேண்டும். மணவாழ்வின்போது எடுத்த பணத்தையும் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. மணவிலக்கு ஆனாலும் சேமநிதியில் கொடுத்த நாமினி பெயர் தானாக மாறாது. கணவர் மறந்துவிட்டால் முன்னாள் மனைவியின் பெயரே நிற்கும். மனைவியின் கணக்கிலும் அப்படியே. பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது சேரும்படி இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை நாடலாம். குறைந்த வருமானக்காரருக்கு மணவிலக்கு வழக்கிலும் அது உதவுகிறது.

கடைசியாக, சுயதொழில் செய்யும் பெண்களுக்கு. சொந்தக் கடை வைத்திருப்பவர் ஐ-சாரான் திட்டத்தின் வழி தம் பெயரிலேயே சேமநிதி கட்டலாம். அரசாங்கமும் ஒரு தொகை சேர்க்கும். முதுமைக்கு யார் கையையும் பாராதிருக்க அதுவும் ஒரு வழி.

மணமுறிவு வேதனைதான். அந்த வேதனையில், "ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்" என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் பலர். கோபம் ஆறு மாதத்தில் தணியும். முதுமை இருபது ஆண்டு நீளும்.