கற்படுக்கையும் கைப்பேசியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மலையில் சமண முனிவர் உறைந்த குகைத்தளமும், தமிழிக் கல்வெட்டுகளும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. அத்திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவர் என்பதை வட்டெழுத்துக் கல்வெட்டு அறிவிக்கிறது. அதே குன்றுகளில் லகர் வல்லூறும் இராசாளிப் பருந்தும் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் உயிர்தரித்திருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே.

துறவியர் தேர்ந்த தனிமையையே பறவைகளும் தேர்ந்தன. ஆதலின் இம்மலைகளில் சமண மரபையும் இயற்கையையும் தனித்தனியே விளக்குதல் இயலாது. 2024 இறுதியில் இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளிவந்தபோது ஊர்மக்கள் திரண்டெழுந்தனர். கல்வெட்டின் படமும் வல்லூற்றின் படமும் சமூக ஊடகங்களின் வழியே தொலைதூரத்தாரையும் எட்டின. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மலையைக் காத்தவர் வீதியில் இறங்கிய மக்களே; எனினும் அம்மலையின் பெருமை பலரும் அறிந்ததாக இருந்தமை அவர்களுக்குத் துணை நின்றது.

அந்த அறிமுகம் ஒரே நாளில் உண்டானதன்று. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் மதுரையில் தொடங்கிய பசுமை நடை, விடுமுறைநாள் காலைகளில் மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்றது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டின் அருகிலேயே நின்று அதன் பொருளை எளிய தமிழில் உரைத்தனர். சமூக ஊடகத்தின் அழைப்பைக் கண்டு வந்தவர்கள், தாம் கண்டதைப் படத்தோடு பகிர்ந்தனர். மலைக்கு அழைப்பதே பதிவின் பயன். பதிவே மலைக்கு ஈடாகாது.

ஆனால் படம் பரவும் இடத்திற்குக் கூட்டமும் வரும். கற்படுக்கையில் பெயர் கீறுவோரும், எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமெனச் சுண்ணம் தேய்ப்போரும் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். கூட்டின் இடத்தை வெளியிட்டால், குஞ்சு பொரிக்கும் பறவை கூட்டைக் கைவிட நேரலாம். இங்கேதான் இல்லறத்தாரின் அணுவிரதங்கள் கைப்பேசிக்கும் வழிகாட்டுகின்றன.

கொல்லாமை: கூடு, வளை, தேவாங்கு உலவும் மரம் ஆகியவற்றின் இருப்பிடத்தை வெளியிடாதிருத்தல், பாறை முகட்டில் டிரோன் பறக்க விடாதிருத்தல்.

பொய்யாமை: நூற்றாண்டை மிகைப்படுத்தாதிருத்தல், படித்தறிந்த கல்வெட்டு வாசகத்தையும் செவிவழிக் கதையையும் வேறுபடுத்திக் கூறுதல்.

கள்ளாமை: பிறர் எடுத்த படத்தை அவர் பெயரின்றிப் பகிராதிருத்தல்.

அளவறிதல்: விருப்பக்குறிகளின் எண்ணிக்கைமேல் பற்று வைக்காதிருத்தல்.

தீர்த்தங்கரர் திருமேனியை ஊரார் வேறு பெயரால் வணங்கும் இடங்களும் உண்டு. அங்கே சிற்பத்தின் வரலாற்றைத் தெளிவாக எழுதலாம், வணங்குவோரை இகழலாகாது. அவர்களுடைய வழிபாடும் அச்சிற்பத்தைச் சிதையாமல் காத்திருக்கக்கூடும். அநேகாந்தம் போற்றுவோர் பின்னூட்டச் சண்டையில் அதனை மறத்தல் தகாது.

செய்யத்தக்கவை எளியவையே. தேய்ந்த எழுத்தைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் படமெடுத்தால், கல்லைத் தொடாமலே கீறல்கள் துலங்கும். படத்தோடு ஊர், காலம், வாசகம், பொருள் ஆகிய நான்கையும் எழுதுதல் வேண்டும். அருகில் நிற்கும் மரத்தின் பெயரையும் சேர்த்தால் நிறைவு. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் மூத்தோர்க்குக் குன்றின் பழம்பெயரும், சுனையின் பெயரும், மூலிகையின் பயனும் தெரியும். அவர்தம் இசைவோடு அவர் குரலைப் பதிவுசெய்வது பேரப்பிள்ளைகளின் கடமை. வாட்ஸ்அப்பில் வருவது விரைவில் புதைந்துபோகும். ஆதலின் பதிவின் ஒரு படி, நாளும் இடமும் குறித்து, ஊர் ஜினாலயத்திலோ அறக்கட்டளையிலோ சேமிக்கப்பெறுதல் வேண்டும்.

குடும்பத்திற்கு ஒரு குன்று என ஏற்று, ஆண்டிற்கு இருமுறை சென்று, குப்பை அகற்றி, கண்டதை உள்ளவாறு எழுதினால், அடுத்த ஏலமோ வெடியோ வரும்முன்பே அம்மலைக்குச் சாட்சிகள் பலர் இருப்பர்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!