624001: நம் முகவரியில் உள்ள கணக்கு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 624001. இது பகா எண்ணா, பகு எண்ணா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இரட்டைப்படை இல்லை. 5-ல் முடியவில்லை. இலக்கங்களின் கூடுதல் 13, ஆகவே 3 போகாது. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 10, 3. வித்தியாசம் 7, ஆகவே 11-ம் போகாது. "அப்போ பகா எண்தான் சார்" என்று முடித்துவிடுவார்கள். 7-ஐ யாரும் தொடுவதில்லை. தெரிந்த விதிகள் தீர்ந்ததும் எண்ணும் தீர்ந்துவிட்டதாக நினைக்கும் இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்பு வரை கூடவே வருகிறது.

1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான இந்த எண்ணை 624 001 என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதுவது வழக்கம். முதல் மூன்று இலக்கம் கடிதங்களைப் பிரிக்கும் பகுதி, அடுத்த மூன்று அஞ்சலகம். நமக்கு வேண்டிய விதியும் அதே இடத்தில்தான் எண்ணை வெட்டுகிறது. 1001 = 7 × 11 × 13. 624001 என்பது 624 × 1001 − 623. ஆக, 624-லிருந்து 1-ஐக் கழித்து, வரும் 623-ஐப் பார்த்தால் போதும். அது 7 × 89. ஏழு போகும், 11, 13 போகா. ஒரே கழித்தலில் மூன்று விடை. காந்திகிராமம் 624302: வித்தியாசம் 322, ஏழாம் வாய்ப்பாட்டில் வரும். பழனி 624601: வித்தியாசம் 23, மூன்றும் போகாது.

(அஞ்சல் எண் ஓர் அளவு அல்ல, பெயர்தான். இரண்டு ஊர் எண்களைக் கூட்டச் சொல்லாதீர்கள், அதற்குப் பொருளில்லை.)

ஏழால் வகுத்தால் 89143. இனி உழைப்புதான். பெஞ்சுக்கு ஒரு பகா எண் கொடுங்கள். நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களில் கடைசியான 97-ல்தான் அகப்படும்: 97 × 919. இந்த 919-ஐத் தனியே சோதிக்கத் தேவையில்லை. அதன் வர்க்கமூலம் 31-க்கும் குறைவு. அதுவரையுள்ள பகா எண் எதுவும் 89143-ஐ வகுக்கவில்லையே! இந்தக் காரணத்தைப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். விடையைவிட அதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

உயர்நிலை வகுப்புகளுக்கு ஃபெர்மாவின் வழி இருக்கிறது. 790-ன் வர்க்கம் 624100. அதிலிருந்து 624001-ஐக் கழித்தால் 99, வர்க்க எண் இல்லை. அடுத்து 791, 792 என்று போனால் பத்தாவது முயற்சியில் 799. 638401 − 624001 = 14400, அதாவது 120-ன் வர்க்கம். ஆகவே (799 − 120)(799 + 120) = 679 × 919. அந்த 679 என்பது 7 × 97.

காந்திகிராமத்தின் 624302-க்கு இது நேராக எடுபடாது. 4-ஆல் வகுக்க மீதி 2 வரும் எண்ணை இரு முழு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. முதலில் 2-ஐ வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.