மெலிந்த பிள்ளையும் மாலை உணவும்
(இளைஞர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவியல் துறையில் பணியாற்றும் என்னிடம் நம் இல்லத்தார் அடிக்கடி கேட்கும் வினா, "என்ன கொடுத்தால் பிள்ளைக்குப் பசி எடுக்கும்?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: இப்பிள்ளை இயல்பாகவே மெல்லிய உடல்வாகா, அன்றி எடை இழந்து வருகிறதா?

தந்தையும் பாட்டனாரும் ஒல்லியாக இருந்தவர்கள், பிள்ளையும் ஆண்டுதோறும் உயரமும் எடையும் கூடிச் சுறுசுறுப்பாகத் திரிகிறது என்றால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. உயரம் கூடியும் எடை நின்றுவிட்டால், அணிந்த உடை தளர்ந்தால், பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றால், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், குடற்புழு, மனச்சோர்வு ஆகியவற்றுள் எதுவும் உள்ளே மறைந்திருக்கலாம். பாலும் தயிரும் மறுக்கும் பிள்ளைக்கு வைட்டமின் பி12 அளவையும் பார்த்தல் நன்று. தாவர உணவில் அது இல்லை என்றே சொல்லலாம். டானிக் புட்டி இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

இரவு உண்ணாமையை மேற்கொண்ட இல்லங்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பள்ளி 4 மணிக்கு விடுகிறது. 5 மணிக்கு டியூஷன். கார்த்திகை மாதத்தில் 6 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். பிள்ளை இரண்டு பிஸ்கட்டும் காப்பியும் உட்கொண்டு ஓடுகிறது; திரும்பும்போது உண்ணும் வேளை கடந்துவிடுகிறது. மறுநாள் காலை பேருந்துக்கு விரைவு. மதிய உணவு டப்பாவோ பாதியாகத் திரும்பி வருகிறது. இதனைப் பசியின்மை என்கிறோம். உண்மையில் உண்பதற்கு நாம் நேரமே வழங்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் வகுத்த அளவுப்படி 16 முதல் 18 வயது வரை ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3320, பெண்பிள்ளைக்கு 2500 கிலோ கலோரி தேவை. பிஸ்கட்டால் அது நிறையுமா?

டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். மாலை நாலரை மணிக்குத் தருவது சிற்றுண்டியாக இராமல் முழு உணவாக இருக்கட்டும்: நெய் விட்ட பருப்புச் சோறு, ஒரு காய், கெட்டித் தயிர். சிறு வயிற்றுப் பிள்ளைக்கு அளவைக் கூட்டுவதைவிடச் செறிவைக் கூட்டுவதே எளிது. எள்ளுருண்டையும் வறுத்த வேர்க்கடலையும் பள்ளிப் பையில் இருந்தால் இடைவேளைக்கு உதவும். காப்பியை உணவோடு தராதீர்கள். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

அடுத்து, உண்ணுமிடத்தில் நாம் பேசும் பேச்சு. "பெரியப்பா மகனைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான்!" என்பதால் ஒரு கவளமும் கூடுதலாக உள்ளே சென்றதில்லை. எதை, எப்போது, எங்கே உண்பது என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அமெரிக்க உணவியல் அறிஞர் எலின் சாட்டர் வகுத்த இம்முறை, நோயற்ற பிள்ளைகளுக்கு நன்கு பொருந்துகிறது.

நோயுற்ற பிள்ளைகளுக்கு அது போதாது. இங்கே, நாம் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். தசலட்சணப் பருவத்தில் நோன்பிருக்கும் இளையோரைப் பாராட்டுகிறோம், அது தகும். ஆனால் பருவம் முடிந்த பின்னும் தட்டைத் தள்ளி, எலும்பு தெரியும் உடலைக் கண்ணாடியில் கண்டு "பருமனாகிவிட்டேன்" என வருந்தும் பிள்ளையின் நிலை தவமன்று. அது உயிருக்கே ஊறு செய்யவல்ல மனநோய். நோன்பின் பெயரால் வீட்டாருக்குத் தெரியாமலே வளரக்கூடியது. பதினாறு காரண பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று என்பதை நாம் அறிவோம். எடை குன்றிய பிள்ளை உபவாசம் கேட்டால், மருத்துவர் இசையும் வரை நூல் ஓதுதலையும் தொண்டு புரிதலையும் மேற்கொள்ளச் செய்யுங்கள். அவையும் அகத்தவங்கள் ஆறனுள் அடங்கியவையே.

மனநல மருத்துவரிடம் செல்ல நாணுவோர், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.