எவர் இல்லறம் சிறக்கும்?

ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' என்னும் இன்பியல் நாடகம் 1600-ஆம் ஆண்டில் அச்சேறியது. மெசினா நகரில் நிகழும் அக்கதையில் இரண்டு காதலர் இணைகளைக் காண்கிறோம். கிளாடியோ ஹீரோவைக் கண்டு காதல் கொள்கிறான். அவளிடம் பேசி இசைவு பெறுபவனோ இளவரசன் டான் பெட்ரோ. பெனடிக்கும் பியாட்ரிசும் சந்திக்குந்தோறும் சொற்போர் புரிகின்றனர்.

பூசலறியாத முதல் இணையே வாழ்வில் சிறக்கும் என்று இளமையில் நான் வகுப்பில் கூறிவந்தேன். அது பிழையென்று பின்னரே உணர்ந்தேன்.

வஞ்சகரின் பொய்யை நம்பிய கிளாடியோ, ஹீரோவைத் தனியே உசாவாமல், திருமணத்துக்குக் கூடிய அவையில் அவளைப் பழிக்கிறான். பெனடிக்கோ பியாட்ரிசிடம் அவள் நெஞ்சறிந்த உண்மையைக் கேட்கிறான். அவள் சொல்லை நம்பி, நண்பனான கிளாடியோவையே வாட்போருக்கு அழைக்கிறான். உண்மை வெளிப்பட்டபின்பும், முகத்திரையிட்டு நிற்பவள் ஹீரோவென அறியாமலே கிளாடியோ அவள் கைப்பற்ற இசைகிறான்.

இரு மணங்களும் இனிதே கூடுகின்றன. ஆயினும், ஒருவரையொருவர் நேரிற்பேசி அறிந்த இணைக்கே நான் அஞ்சாது வாழ்த்துரைப்பேன். பூசல் இல்லாமை அன்று, நம்பிக்கையே இல்லறத்தின் கடைகால்.